ஊரறிய வழங்கப்பட்ட நீதி: அமெரிக்கக் கவுண்டி நீதிமன்றங்களும் அவற்றின் ஏடுகளும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாநிலத்துக்கு அடுத்த நிலையிலுள்ள ஆட்சிப் பிரிவு கவுண்டி எனப்படுகிறது. லூசியானாவில் பேரிஷ் என்றும் அலாஸ்காவில் பரோ என்றும் வழங்கும் இணையான பிரிவுகளையும் சேர்த்தால் அந்நாட்டில் 3,100-க்கும் மேற்பட்ட கவுண்டிகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றின் தலைமையிடத்தில் ஒரு நீதிமன்றக் கட்டடமும், அதற்குள் நீதிமன்ற எழுத்தரின் அலுவலகமும் உண்டு. கொலை வழக்கு முதல் கடன் வழக்கு வரை, உயில் முதல் நிலக்கிரயம் வரை அக்கவுண்டி மக்களின் வாழ்வில் சட்டத்தைத் தொட்ட எல்லாம் அந்த அலுவலகத்தின் ஏடுகளில் ஏறியிருக்கும். அவற்றுள் சட்டம் மூடிவைக்காத எதையும், வழக்கோடு எத்தொடர்பும் இல்லாத ஒருவர்கூட, காரணம் கூறாமலே கேட்டு வாங்கிப் படிக்கலாம், கட்டணம் செலுத்தி நகலும் எடுக்கலாம்.

அரசு ஆவணங்களைக் குடிமக்கள் பார்ப்பதற்கென 1966-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய தகவல் சுதந்திரச் சட்டத்திலிருந்து இவ்வுரிமை தோன்றவில்லை; அச்சட்டம் கூட்டாட்சியின் நிர்வாகத் துறைகளுக்கே உரியது, நீதிமன்றங்கள் அதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றன. ஊரார் முன்னிலையில் நடக்காத தீர்ப்பு தீர்ப்பாகாது என்ற, பத்து நூற்றாண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமையுடைய எண்ணம் ஒன்றிலிருந்தே அது கிளைத்தது. ஊராரின் கண்ணும் நினைவும் செய்த வேலையைப் பின்னாளில் ஏடு ஏற்றுக்கொண்டபோது, ஏட்டைப் பார்க்கும் உரிமையும் ஏட்டைக் காக்கும் கடமையும் பிரிக்கவியலாதபடி பிணைந்தன. கவுண்டி நீதிமன்றத்தின் வரலாறு பெருமளவுக்கு இந்தப் பிணைப்பின் வரலாறே ஆகும்.

ஷயர் மன்றம்

இங்கிலாந்தில் நார்மானியர் படையெடுப்புக்கு முன்பிருந்தே ஷயர் என்னும் நாட்டுப் பிரிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு மன்றம் இருந்தது. அது ஆண்டுக்கு இருமுறை கூட வேண்டும் என்றும், ஆயரும் அரசனின் ஆட்சியாளரும் அதில் அமர்ந்து சமயச் சட்டத்தையும் உலகியல் சட்டத்தையும் எடுத்துரைக்க வேண்டும் என்றும் பத்தாம் நூற்றாண்டில் எட்கர் மன்னன் ஆணையிட்டான். அம்மன்றத்தில் தீர்ப்பைச் சொன்னவர்கள் தனி நீதிபதிகள் அல்லர். மன்றத்துக்கு வரக் கடமைப்பட்ட சுதந்திரக் குடிமக்களே வழக்கத்தை எடுத்துரைத்து முடிவு கூறினர். வராதவர் தண்டம் கட்ட வேண்டியிருந்தது. நீதி நடப்பதைக் காண்பது அக்காலத்தில் ஓர் உரிமையாக எண்ணப்படவில்லை. அது தட்டிக்கழிக்க முடியாத பொறுப்பாக இருந்தது.

நார்மானியர் காலத்தில் ஷயரின் பெயர் கவுண்டியாக மாறி, ஷெரிப் என்னும் அரச அலுவலரின் தலைமையில் மன்றம் மாதந்தோறும் கூடலாயிற்று. ஆயினும் மத்திய அரச நீதிமன்றங்கள் வளர வளர அதன் செல்வாக்குச் சுருங்கி, பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதிக்குள் நாற்பது ஷில்லிங்குக்குக் குறைந்த வழக்குகளே அதற்கு எஞ்சின. அரச நீதிமன்றங்களிடம் இருந்து கவுண்டி மன்றத்திடம் இல்லாதிருந்த பெரிய வலிமை எழுத்து ஆகும். அரச நீதிமன்ற நடவடிக்கைகள் தோல்சுருளில் எழுதப்பட்டு என்றைக்குமான சான்றாக வைக்கப்பட்டன. 1194 முதலான சுருள்கள் இன்றும் உள்ளன. அவ்வாறு எழுதிவைக்கும் நீதிமன்றத்தை ஆங்கிலச் சட்டம் ஆவண நீதிமன்றம் என்று வகைப்படுத்தியது. அதன் ஏடு சொல்வதை மறுத்து வேறு சான்று காட்ட இடமில்லை. கவுண்டி மன்றம் அத்தகுதியைப் பெறவில்லை; அங்கு நடந்ததை நிறுவ, நடந்ததைக் கண்டவர்களையே அழைத்து வர வேண்டியிருந்தது.

அடுத்த நூற்றாண்டில் கவுண்டியில் வேறொரு நிறுவனமும் உருவாயிற்று. 1361-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு கவுண்டியிலும் சமாதான நீதவான்களை நியமிக்க வழிசெய்தது. ஊதியம் பெறாத உள்ளூர்ப் பெருநிலக்காரர்களான இவர்கள் ஆண்டுக்கு நான்கு முறை கூடிக் குற்ற வழக்குகளை விசாரித்ததோடு, சாலை, பாலம், ஏழைகள் பராமரிப்பு ஆகியவற்றையும் மேற்பார்த்தனர்; இவர்களது நடவடிக்கைகளை எழுதவும் சுருள்களைக் காக்கவும் தனி அலுவலர்கள் இருந்தனர். கடல் கடந்து அமெரிக்கா சென்ற ஆங்கிலேயர் தம்முடன் கொண்டுசென்ற கவுண்டி நீதிமன்றம், பெயரால் ஷெரிப்பின் பழைய மன்றத்தையும் இயல்பால் இந்த நீதவான்களின் அமர்வையும் ஒத்திருந்தது.

வர்ஜீனியாவில் வேர்விடுதல்

1634-இல் வர்ஜீனியாக் குடியேற்றம் எட்டு ஷயர்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நீதிமன்றம் அமைந்தது. அவற்றுள் ஒன்றான அக்கோமாக், பின்னர் நார்தாம்ப்டன் எனப் பெயர் மாறிய கவுண்டி. 1632 முதல் தொடர்ச்சியாக எஞ்சியிருக்கும் அதன் நீதிமன்ற ஏடுகள், ஆங்கில அமெரிக்காவில் இடையறாது கிடைக்கும் நீதிமன்றப் பதிவுகளுள் மிகப் பழைமையானவை என மதிக்கப்படுகின்றன. புகையிலைத் தோட்டங்கள் ஆற்றங்கரைகளில் நெடுந்தொலைவு சிதறிக் கிடந்த, நகரங்கள் இல்லாத அந்நிலத்தில், மாதம் ஒருமுறை கூடிய நீதிமன்ற நாளே சந்தை நாளாகவும், கடன் கொடுக்கல் வாங்கல் தீரும் நாளாகவும், செய்தி பரவும் நாளாகவும் விளங்கியது.

அந்நீதிமன்றம் செய்த பணிகளுக்கு எல்லை இல்லை என்றே சொல்லலாம். கடன் வழக்கையும் அவதூறு வழக்கையும் அது தீர்த்தது; உயிலை மெய்ப்பித்தது; தந்தையை இழந்த பிள்ளைகளின் சொத்துக்குக் காப்பாளரை அமர்த்தி ஆண்டுதோறும் கணக்குக் கேட்டது; மதுக்கடைக்கு உரிமம் தந்தது; சாலை போட ஆள் குறித்தது; வரி விதித்தது. நீதவான்கள் ஊதியமின்றிப் பணியாற்றிய தோட்ட உரிமையாளர்கள். காலியிடம் ஏற்பட்டால் இருப்பவர்கள் பரிந்துரைத்தவரையே ஆளுநர் பெரும்பாலும் நியமித்ததால், சில குடும்பங்களின் கையிலேயே கவுண்டி தலைமுறை தலைமுறையாகச் சுழன்றது. அவர்களுள் பெரும்பாலோர் சட்டம் கற்றவர்கள் அல்லர். ஆகவே எந்த விண்ணப்பம் எவ்வாறு எழுதப்பட வேண்டும், முந்தைய வழக்கில் என்ன முடிவாயிற்று என்பனவற்றை அறிந்தவராக எழுத்தரே பெரும்பாலும் இருந்தார். தாக்கலானவற்றை நாள்வாரியாக எழுதிய ஆணை ஏடு, கிரயங்களும் உயில்களும் வரிக்கு வரி படியெடுக்கப்பட்ட தடித்த ஏடுகள், வழக்குத்தாள்களை மடித்து நாடாவால் கட்டிய கட்டுகள் ஆகிய மூன்றும் எழுத்தரின் பொறுப்பில் இருந்தன. நீதவான்கள் மாறியும் மாண்டும் போன பின்னர் நீதிமன்றத்தின் தொடர்ச்சி இம்மூன்றிலுமே நிலைத்தது.

மாசச்சூசெட்ஸ் எழுதிவைத்த உரிமை

ஏட்டைக் காக்கும் மரபு வர்ஜீனியாவில் பழக்கத்தால் வளர்ந்ததென்றால், ஏட்டைப் பார்க்கும் உரிமை மாசச்சூசெட்ஸில் வெளிப்படையாகச் சட்டமாயிற்று. இங்கிலாந்தில் சட்டம் பயின்று பின்னர் சமய ஊழியரான நத்தானியேல் வார்டு பெரும்பகுதி வரைந்த உரிமைத் தொகுப்பு ஒன்றை அக்குடியேற்றத்தின் பேரவை 1641-இல் ஏற்றது. உரிமைகளின் தொகுப்பு என வழங்கும் அதன் நாற்பத்தெட்டாம் பிரிவு, ஆளுநர் குழுவின் ஆவணங்கள் நீங்கலாக, எந்த நீதிமன்றத்தின் அல்லது அலுவலகத்தின் சுருள்களையும் பதிவேடுகளையும் அந்நாட்டில் வாழும் எவரும் தேடிப் பார்க்கலாம் என்றும், உரிய கட்டணம் செலுத்தி அலுவலரின் கையொப்பமிட்ட நகலைப் பெறலாம் என்றும் கூறியது. பார்வையிடல், நகல், சான்றொப்பம், கட்டணம் என்ற நான்கு கூறுகளும் ஒருங்கே அமைந்த இவ்விதி, இன்று அமெரிக்கக் கவுண்டி ஒவ்வொன்றிலும் நடைபெறும் நடைமுறையின் முழு வடிவம் ஆகும்.

இதற்கு முந்தைய ஆண்டான 1640-இல் அதே குடியேற்றம், நிலக்கிரயங்கள் பொது ஏட்டில் பதியப்பட வேண்டும் என்றும், பதியப்படாத கிரயம் மூன்றாம் நபர்களைக் கட்டுப்படுத்தாது என்றும் சட்டம் செய்திருந்தது. ஒரே நிலத்தை இருவருக்கு இரகசியமாக விற்கும் ஏமாற்றைத் தடுப்பது அதன் நோக்கம். வாங்க விரும்புகிறவர் முன்கூட்டியே ஏட்டைப் பார்த்து வில்லங்கம் இல்லை எனத் தெரிந்துகொள்ள முடிந்தாலன்றி அச்சட்டத்துக்குப் பொருள் இல்லை. நிலத்தில் பிறந்த இத்தேவை, வெளிப்படையான ஏடு என்னும் கொள்கைக்கு அன்றாட வாழ்வில் உறுதியான அடித்தளம் இட்டது. தத்துவத்துக்காக ஏட்டைத் திறக்கக் கேட்டவர் சிலரே என்றாலும், நிலத்துக்காகக் கேட்டவர் எண்ணற்றோர்.

ஏட்டில் பொருளாக எழுதப்பட்டவர்கள்

கவுண்டி ஏடுகள் எல்லாரையும் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் உயில்களிலும் சொத்துப் பட்டியல்களிலும் கால்நடைகளுக்கும் கட்டில்களுக்கும் இடையே விலைமதிப்போடு எழுதப்பட்டனர். உயிர்த்தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்பட்ட அடிமைகளை ஜூரி இல்லாமலேயே கவுண்டி நீதவான்கள் விசாரிக்க வர்ஜீனியா 1692-இல் சட்டம் செய்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் எழுத்தரிடம் தம்மைப் பதிந்துகொள்ள வேண்டும் என 1793-இல் அதே மாநிலம் கட்டளையிட்டது. வயது, நிறம், உடலில் உள்ள தழும்பு, விடுதலை கிடைத்த விதம் ஆகியவை ஏட்டில் குறிக்கப்பட்டன. அது கண்காணிப்புக்காகச் செய்யப்பட்ட ஏடு. எனினும் அந்த ஏட்டின் சான்றிட்ட நகலே, கடத்தப்பட்டு மீண்டும் விற்கப்படும் அபாயத்துக்கு எதிராக அவர்கள் கையிலிருந்த ஒரே கேடயமாகவும் ஆயிற்று.

மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நீதிமன்றம் இம்முரணின் உச்சத்தைக் காட்டுகிறது. அடிமைமுறை தடை செய்யப்பட்ட நிலத்தில் குடியிருத்தப்பட்டவர் விடுதலைக்கு உரியவர் என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டிருந்த அம்மாநிலத்தில், 1824-ஆம் ஆண்டுச் சட்டப்படி அடிமையாக வைக்கப்பட்டிருந்த ஒருவர் ஏழை மனுதாரராக வழக்குத் தொடுக்க முடிந்தது. டிரெட் ஸ்காட்டும் அவர் மனைவி ஹாரியட்டும் 1846 ஏப்ரலில் அங்கு மனுச்செய்து, 1850-இல் ஜூரியின் தீர்ப்பால் விடுதலை பெற்றனர். 1852-இல் மிசூரி உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைக் கவிழ்த்தது. 1857-இல் ஐக்கிய நாடுகளின் உச்ச நீதிமன்றம் கறுப்பின மக்கள் குடிமக்களாக முடியாது எனக் கூறிய கொடிய தீர்ப்பு உள்நாட்டுப் போருக்கு இட்டுச்சென்ற காரணங்களுள் ஒன்றாயிற்று. அத்தீர்ப்பு வந்த மூன்று மாதங்களுக்குள் புதிய உரிமையாளர் அக்குடும்பத்தை விடுவித்ததும் செயின்ட் லூயிஸ் நீதிமன்றத்திலேயே நிறைவேறியது.

டிரெட் ஸ்காட்டின் பெயர் உலகறிந்தது. ஆனால் அதே நீதிமன்றத்தில் விடுதலை கோரிய மற்றவர்கள் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் கட்டுகளுக்குள் மறைந்திருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மாநில ஆவணக்காப்பகம் அக்கட்டுகளைப் பிரித்துத் துப்புரவு செய்து அட்டவணையிட்டபோது, 300-க்கும் மேற்பட்ட விடுதலை வழக்குகள் வெளிப்பட்டன. அந்நீதிமன்றத்தில் ஏடுகளை அழிக்காமல் வைத்திருந்த எழுத்தர்களின் தொடர் உழைப்பு இல்லாதிருந்தால், எழுதப் படிக்கத் தடுக்கப்பட்டிருந்த அம்மனிதர்களின் குரல் வேறெங்கும் எஞ்சியிருக்காது.

தீயில் போனவை

காக்கும் கடமை தவறினால் பார்க்கும் உரிமை என்னவாகும் என்பதை வர்ஜீனியாவின் ஹானோவர் கவுண்டி அறியும். 1740-ஐ ஒட்டிக் கட்டப்பட்டதாகக் கருதப்படும் அதன் செங்கல் நீதிமன்றம் இன்றும் நிற்கிறது. அங்கே 1763 டிசம்பர் 1 அன்று, பின்னாளில் அமெரிக்கப் புரட்சியின் பெரும் பேச்சாளராக விளங்கிய பேட்ரிக் ஹென்றி, மதகுருக்களின் ஊதியம் பற்றிய வழக்கில் வாதாடினார். மதகுருக்களுக்குப் புகையிலையாகத் தரவேண்டிய ஊதியத்தைக் குறைந்த விலைக்குப் பணமாகத் தரலாம் எனக் குடியேற்றப் பேரவை 1758-இல் செய்த சட்டத்தை இங்கிலாந்து அரசு செல்லாதென்று தள்ளியிருந்தது. ஜேம்ஸ் மவுரி என்ற குரு நிலுவையைக் கோரி வென்றபின், இழப்பீட்டுத் தொகையை முடிவு செய்யவே ஜூரி கூடியது. மக்களின் நலனுக்காக மக்கள் பேரவை செய்த சட்டத்தைத் தள்ளும் அரசன் கீழ்ப்படிதலுக்குரிய தகுதியை இழக்கிறான் என்று ஹென்றி வாதிட, ஜூரி ஒரே ஒரு பென்னியை இழப்பீடாக வழங்கியது. நீதிமன்றத்தில் தலைமை வகித்தவர் ஹென்றியின் தந்தையே ஆவார்.

இவ்வளவு பெரிய நிகழ்வைப் பற்றிப் பிற்காலத்தார் முதன்மையாகச் சார்ந்திருப்பது, தோற்ற மவுரி சில நாட்களுக்குப் பின் எழுதிய ஒரு கடிதத்தையே. ஹானோவரின் ஏடுகளுள் பெரும்பாலானவை உள்நாட்டுப் போரின்போது பாதுகாப்புக்காகத் தலைநகர் ரிச்மண்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1865 ஏப்ரல் 3 அன்று பின்வாங்கிய தென்மாநிலக் கூட்டமைப்பின் படையினர் கிடங்குகளுக்கு வைத்த தீ நகருக்குப் பரவியபோது எரிந்துபோயின. ஜேம்ஸ் சிட்டி முதலான வேறு சில கவுண்டிகளின் ஏடுகளும் அத்தீயில் அழிந்தன. பக்கிங்காம் கவுண்டியில் தாமஸ் ஜெபர்சன் வரைந்த திட்டப்படி எழுந்த நீதிமன்றம் 1869-இல் தன் ஏடுகளோடு எரிந்தது. குடும்ப வரலாறு தேடுவோர் இத்தகையவற்றை எரிந்த கவுண்டிகள் என்ற பெயரால் இன்றும் குறிப்பிடுகின்றனர். அங்கு முன்னோரைத் தேடுகிறவர், வரிப்பட்டியல், அண்டைக் கவுண்டியின் ஏடு, மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்ட நகல் எனச் சுற்றுவழிகளிலேயே செல்ல வேண்டியுள்ளது.

1871 அக்டோபரில் சிகாகோ எரிந்தபோது, குக் கவுண்டி நீதிமன்றத்தோடு ஒரு பெருநகரின் நிலவுரிமைச் சான்றுகள் முழுவதும் சாம்பலாயின. நிலம் வாங்குவோருக்காக ஏடுகளிலிருந்து சுருக்கம் எடுத்துத் தரும் தொழிலைச் செய்துவந்த தனியார் நிறுவனங்கள் தம் குறிப்பேடுகளுள் பலவற்றை நெருப்பிலிருந்து மீட்டிருந்தன. 1872-இல் இல்லினாய் மாநிலம் இயற்றிய எரிந்த ஆவணங்கள் சட்டம், இழந்த உரிமையை நீதிமன்ற ஆணையால் மீண்டும் நிறுவ வழிசெய்தது. ஏடு எவரும் படியெடுக்கக்கூடியதாக இருந்ததால்தான் அதன் படிகள் வெளியே இருந்தன. வெளியே இருந்ததால்தான் நகரம் தன் நிலத்தை மீண்டும் அடையாளம் கண்டது. திறந்த ஏடு எளிதில் அழிவதில்லை என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாகக் கற்பித்த நிகழ்ச்சி வேறில்லை.

இன்றைய அமைப்பும் தேடும் வழியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீதவான்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படலாயினர். எழுத்தர் பதவியும் பல மாநிலங்களில் தேர்தலுக்கு உரியதாயிற்று. சட்டம் கற்ற நீதிபதிகள் அமரும் நீதிமன்றங்கள் பழைய கவுண்டி நீதிமன்றங்களின் இடத்தை மெல்லப் பிடித்தன. வர்ஜீனியாவே தன் கவுண்டி நீதிமன்றங்களை 1902-ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி கலைத்து, அவற்றின் பணியையும் ஏடுகளையும் சர்க்யூட் நீதிமன்றங்களிடம் ஒப்படைத்தது. ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் வளர்ந்ததால் பெயர்கள் குழப்பம் தருவன. கவுண்டியின் முதன்மை விசாரணை நீதிமன்றம் கலிபோர்னியாவில் சுப்பீரியர் நீதிமன்றம், பென்சில்வேனியாவிலும் ஒகையோவிலும் காமன் பிளீஸ் நீதிமன்றம், இல்லினாயில் சர்க்யூட் நீதிமன்றம் எனப் பெயர்பெறும். நியூயார்க்கிலோ உச்ச நீதிமன்றம் என்ற பெயர் விசாரணை நீதிமன்றத்துக்கே உரியது, அதன் ஏடுகள் கவுண்டி எழுத்தரிடம் இருக்கும். டெக்சாஸில் 254 கவுண்டிகளிலும் கவுண்டி நீதிமன்றம் அரசியலமைப்பால் நிலைபெற்றுள்ளது. அதன் நீதிபதி வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை, கவுண்டியின் நிர்வாகக் குழுவுக்கும் அவரே தலைவர். அங்கு நிலக்கிரயம், திருமணம், உயில், சிறு குற்றங்கள் ஆகியவற்றின் ஏடுகள் கவுண்டி எழுத்தரிடமும், பெருங்குற்றம், மணமுறிவு முதலியவை மாவட்ட எழுத்தரிடமும் இருக்கும்.

ஆகவே ஓர் ஆவணத்தைத் தேடுகிறவர் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியவை மூன்று: நிகழ்ச்சி எந்தக் கவுண்டியில், எந்த ஆண்டளவில் நடந்தது, அவ்வகை வழக்கு அக்காலத்தில் எந்த நீதிமன்றத்துக்கு உரியது, அந்நீதிமன்றத்தின் ஏடுகள் இப்போது எவர் பொறுப்பில் உள்ளன. கவுண்டியின் எல்லைகள் காலப்போக்கில் மாறியிருக்கும் என்பதால், நிலம் இன்று ஒரு கவுண்டியில் இருந்தாலும் அதன் பழைய கிரயம் தாய்க் கவுண்டியின் ஏட்டில் இருக்கக்கூடும். அடுத்தபடி அட்டவணையைப் பார்க்க வேண்டும். வழக்குகளுக்கு வாதி பெயர் வரிசையிலும் பிரதிவாதி பெயர் வரிசையிலும் தனித்தனி அட்டவணைகள் உண்டு. நிலத்துக்கு எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் என்னும் இரு வரிசைகள் உண்டு. அட்டவணை தரும் வழக்கு எண்ணைக் கொண்டு வழக்குப் பதிவேட்டைத் திறந்தால், மனு தாக்கலான நாள் முதல் தீர்ப்பு வரை நடந்த ஒவ்வொன்றும் ஒவ்வொரு வரியாகக் காணப்படும். அவ்வரிகள் குறிப்பிடும் மனு, எதிருரை, சான்றுப்பொருள், ஆணை ஆகிய தாள்கள் வழக்குக் கட்டில் இருக்கும். படித்துக் குறிப்பெடுப்பதற்குச் சாதாரண நகல் போதும். வேறோர் அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ சான்றாகக் காட்டுவதற்கு எழுத்தரின் கையொப்பமும் முத்திரையும் கொண்ட சான்றிட்ட நகல் வேண்டும், அதற்குக் கட்டணம் கூடுதல்.

பழைய ஏடுகள் பல மாநில ஆவணக்காப்பகங்களுக்கு மாற்றப்பட்டுள்ளன. யூட்டா மாநிலத்து வம்சாவளிக் கழகம் 1938 முதல் எடுத்துவந்த நுண்படச் சுருள்களால் பல்லாயிரம் ஏடுகள் இரண்டாம் உயிர் பெற்றன. புதிய வழக்குகளுக்குப் பல மாநிலங்கள் இணையவழித் தேடலை அமைத்துள்ளன. எனினும் அதில் பதிவேட்டின் வரிகள் மட்டுமே தெரிந்து, தாள்களுக்கு எழுத்தரையே அணுக வேண்டிய நிலை பல கவுண்டிகளில் நீடிக்கிறது. பேசர் எனப்படும் நாடளாவிய இணைய அமைப்பு கூட்டாட்சி நீதிமன்றங்களின் ஆவணங்களை மட்டுமே பக்கக் கட்டணத்துக்குத் தருவது; கவுண்டி நீதிமன்ற வழக்கை அதில் தேடிப் பயனில்லை.

உரிமைக்கு உச்ச நீதிமன்றத்தின் சொல்

நடைமுறையில் நூற்றாண்டுகளாக இருந்த இவ்வுரிமை ஐக்கிய நாடுகளின் உச்ச நீதிமன்றத்தால் தெளிவாக எடுத்துரைக்கப்பட்டது 1978-இல்தான். அதிபராயிருந்த நிக்சனின் ஒலிநாடாக்களை நகலெடுக்க வார்னர் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனம் கோரிய வழக்கில், நீதிமன்ற ஆவணங்கள் உட்படப் பொது ஆவணங்களைப் பார்வையிடவும் நகலெடுக்கவும் பொதுவான உரிமை உண்டு என்பதை அந்நீதிமன்றம் ஏற்றது. இங்கிலாந்தில் கேட்பவர் தம் சொத்துரிமையையோ வழக்குத் தேவையையோ காட்ட வேண்டியிருந்த வழக்கத்துக்கு மாறாக, அமெரிக்காவில் அத்தகைய நலனைக் காட்டத் தேவையில்லை என்றும் அது குறித்தது. அதே வேளையில் இவ்வுரிமை வரம்பற்றதன்று. தனிப்பட்ட பகையைத் தீர்க்கவோ மணமுறிவு வழக்கின் வேதனைகளைக் கிளறவோ ஏடுகள் பயன்படாதவாறு தடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வேறொரு சிறப்புச் சட்டம் அந்நாடாக்களுக்கு வழி வகுத்திருந்ததால் நிறுவனத்தின் கோரிக்கை அவ்வழக்கில் நிறைவேறவில்லை.

அந்த ஆண்டிலேயே ஹானோவர் கவுண்டி மீண்டும் வரலாற்றில் நுழைந்தது. ஒரு கொலை வழக்கின் முதல் தீர்ப்பு மேல்முறையீட்டில் தள்ளுபடியாகி, அடுத்த இரு விசாரணைகளும் முற்றுப்பெறாமல் கலைந்தபின், நான்காம் விசாரணையைப் பொதுமக்களும் செய்தியாளர்களும் இன்றி மூடிய அறையில் நடத்த வேண்டும் என எதிரித்தரப்பு கேட்டது, அரசுத் தரப்பு மறுக்கவில்லை, நீதிபதியும் இசைந்தார். ரிச்மண்டுச் செய்தித்தாள் நிறுவனம் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1980-இல் ஏழுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், குற்ற விசாரணையில் அமர்ந்து பார்ப்பது அரசியலமைப்பின் முதல் திருத்தம் பொதுமக்களுக்கு உறுதிசெய்யும் உரிமை என்று முடிவாயிற்று. தலைமை நீதிபதி வாரன் பர்கர் தம் தீர்ப்புரையில், நார்மானியர் வருகைக்கு முன்பு ஊரார் அனைவரும் வந்தாக வேண்டியிருந்த ஆங்கில மன்றங்களிலிருந்தே தம் வரலாற்று ஆராய்ச்சியைத் தொடங்கினார். எட்கர் மன்னன் காலத்தில் குடிமக்கள் மீது சுமத்தப்பட்ட கடமை, ஆயிரம் ஆண்டுகளில் அவர்கள் அரசிடம் கேட்டுப் பெறும் உரிமையாக உருமாறியிருந்தது.

மூடிவைத்தலின் நியாயம்

வெளிப்படையான ஏட்டுக்கும் மனிதரின் மானத்துக்கும் இடையிலான இழுபறி புதியதன்று. 1899-இல் குக் கவுண்டியில் நாட்டின் முதல் சிறார் நீதிமன்றம் அமைந்தபின், சிறுவயதில் செய்த தவறு வாழ்நாள் முழுதும் தொடரக் கூடாது என்ற எண்ணம் பரவி, சிறார் ஏடுகள் பொதுப் பார்வையிலிருந்து விலக்கப்பட்டன. தத்தெடுப்பு ஆவணங்களை மின்னசோட்டா 1917-இல் மூடியது. பிற மாநிலங்கள் அவ்வழியைப் பின்பற்றின. 1989-இல் உச்ச நீதிமன்றம், பல கவுண்டிகளில் சிதறிக் கிடக்கும் குற்றப்பதிவுகளைத் திரட்டிக் கணினியில் அரசு வைத்திருக்கும் தொகுப்பு வேறு, கவுண்டிதோறும் சென்று ஒருவர் தேடி எடுக்கும் தாள் வேறு என்று பிரித்துக் கூறி, முன்னதை வெளியிட வேண்டியதில்லை எனத் தீர்த்தது. தேடுவதற்கான உழைப்பே தனிமனிதருக்கு ஓரளவு மறைப்பாக இருந்துவந்தது என்பதை அத்தீர்ப்பு வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

இணையம் அம்மறைப்பை நீக்கிவிட்டது. வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தொடுக்கப்பட்டுப் பின்னர் தள்ளுபடியான ஒரு வழக்குகூட, வாடகைக்கு வீடு தேடுகிறவரின் பெயருக்கு எதிராக நொடிப்பொழுதில் தோன்றிவிடுகிறது. பதிவுகளை மொத்தமாகத் திரட்டி விற்கும் நிறுவனங்கள், நீதிமன்றம் திருத்திய பின்னரும் பழைய படியையே வைத்திருக்கக்கூடும். இதனால் கலிபோர்னியா 2016-இல், அறுபது நாட்களுக்குள் வீட்டு உரிமையாளர் வெற்றிபெறாத வெளியேற்ற வழக்குகளை மூடிவைக்கச் சட்டம் செய்தது. பென்சில்வேனியா 2018-இல், குறிப்பிட்ட சிறு குற்றங்களின் பதிவுகள் தண்டனைக்குப் பிந்தைய குற்றமற்ற ஆண்டுகள் கழிந்ததும் தாமாகவே பொதுப் பார்வையிலிருந்து நீங்க வழிசெய்தது.

இத்தகைய வரம்புகள் திறந்த ஏட்டின் மரபுக்குப் பகையானவை என்று கருதுவது பொருந்தாது. அவை அந்த மரபின் நோக்கத்தை நினைவூட்டுவன. ஏடு திறந்திருப்பது நீதிபதியையும் ஷெரிப்பையும் எழுத்தரையும் ஊரார் கண்காணிப்பதற்காக. அகப்பட்ட ஏழையை ஊரார் என்றென்றும் கண்காணிப்பதற்காக அன்று. ஆனால் மூடும் அதிகாரம் வலியவரின் வசதிக்கும் எளிதில் உதவும் என்பதால், அதற்கும் ஒரு கட்டு வேண்டும். எந்தத் தாள், எந்தச் சட்டப்படி, என்ன காரணத்துக்காக மூடப்பட்டது என்பதை நீதிபதி எழுத்தில் கூறுவதும், தாள் மூடப்பட்டாலும் மூடிய ஆணை வழக்குப் பதிவேட்டில் எவரும் காணத் திறந்திருப்பதும் அக்கட்டாகும். கட்டணத்தை எளியவர் தாங்கும் அளவில் வைப்பதும், பழைய கட்டுகளை அட்டவணையிட ஆளும் பொருளும் ஒதுக்குவதும், மின்னணுப் பதிவுகளுக்கு எரியாத இரண்டாம் படியை வேறிடத்தில் காப்பதும் அதே கடமையின் பிற பகுதிகள். செயின்ட் லூயிஸின் விடுதலை வழக்குகளைத் தொடுத்தவர்கள் தம் காலத்து நீதிமன்றத்திடம் கேட்டது தீர்ப்பை மட்டுமே. அவர்கள் கேட்டதற்கான சான்றையும் வைத்திருந்து பிற்காலத்தாரிடம் கொடுத்தது கவுண்டியின் ஏடு. ஒரு நீதிமன்றம் தன் காலத்தில் தவறியிருந்தாலும், தான் செய்ததை அழிக்காமலும் மறைக்காமலும் வைத்திருக்கும்வரை, அதன் தவறைத் திருத்தும் வாய்ப்பு அடுத்த தலைமுறைக்கு எஞ்சியிருக்கும்.